குதிரை இங்கே, கழுதை அங்கே

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஆமினா. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சீடனுக்கு நாற்பத்தெட்டு. பெயர் கோமதிநாயகம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர். சீடன் குருவை மேடம் என்பார். குரு சீடனை சார் என்பார். நம் ஊரில் இப்போதெல்லாம் குருகுலம் இப்படித்தான் நடக்கிறது.

கோமதிநாயகத்துக்குக் கழுத்தைப் பிடிக்கிற அவசரம். பதிவை இரண்டு தடவை நீட்டித்தாயிற்று, மூன்றாம் தடவை கிடையாது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பெயருக்கு முன்னால் முனைவர் இல்லாதவர்களுக்கு வருகிற ஜூனிலிருந்து வகுப்பு இல்லை என்று கல்லூரியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

அப்படி என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். புரதம் என்பது ஒரு நீளச் சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றை அடுத்து ஒன்றாகக் கோத்துக்கொண்டு நிற்கும். வகைக்கு ஓர் எழுத்து வைத்தால் ஒரு புரதத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் உடம்புக்குள் அது வரியாகவா கிடக்கிறது? சில இடத்தில் பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருண்டுகொள்ளும். சில இடத்தில் நீட்டிப் படுத்து, பக்கத்து இழையோடு ஒட்டிக்கொண்டு, பாய் மாதிரி பட்டையாகும். மிச்ச இடத்தில் இரண்டும் இல்லாமல் தன் பாட்டுக்கு வளைந்து போகும்.

எழுத்தை மட்டும் பார்த்து, எது சுருள், எது பட்டை, எது சும்மா என்று சொல்ல ஒரு ப்ரோக்ராம் வேண்டும். உருவம் தெரிந்த புரதங்களைக் காட்டிக் காட்டி அதைப் பழக்க வேண்டும். கோமதிநாயகம் ஐந்து வருஷமாகப் பழக்குகிறார். அதுவும் நூற்றுக்கு எழுபத்துநாலு எழுத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

இந்த முறை இன்னும் பல நூறு புரதங்களை அள்ளிப் போட்டுப் பழக்கினார். திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்துக்குள் நுழையும்போது மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், தொண்ணூத்தேழு!"

ஆமினா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எது சார்?"

"நூறு எழுத்துக்குத் தொண்ணூத்தேழு சரியாச் சொல்லுது. பழக்கின புரதத்துல இல்ல மேடம், தனியா எடுத்து வெச்ச புரதத்துலதான் சோதிச்சேன்."

"அப்படியா!"

"ஒரே ஒரு சந்தேகந்தான். மிச்சம் மூணு எங்க தப்புது? அதை மட்டும் பிடிச்சிட்டா நூறு."

அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெனிட்டா நாற்காலியோடு திரும்பினாள்.

"அண்ணாச்சி, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க. எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டா நாங்க எங்க போறது?"

கோமதிநாயகம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"தூத்துக்குடிக்காரங்களுக்கும் இன்னிக்கே பதில் போட்டுடலாம் மேடம். எங்க வெட்டணும்னு ப்ரோக்ராம் அடிச்சுச் சொல்லுது."

தூத்துக்குடிக்காரர்கள் முத்துச்சிப்பியை ஆராய்கிறவர்கள். சிப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படிகமாக்கி எக்ஸ்ரே பிடித்தால்தான் உருவம் தெரியும். அதுவோ படிகமாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வாலை வெட்டிவிட்டால் ஒருவேளை படிகமாகலாம். ஆனால் சுருளுக்கு நடுவே வெட்டு விழுந்தால் மொத்தமும் குலைந்துவிடும். கையில் இருப்பது ஒரு சின்னக் குப்பி. அது கெட்டால் மறுபடி சிப்பி எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். எங்கே வெட்டலாம் என்று ஆமினாவைக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

"அனுப்பலாம் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை செய்யறீங்களா?"

"சொல்லுங்க மேடம்."

ஆமினா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கலர் பென்சில் டப்பாவை எடுத்தார். மகளுடையது. மூடியில் முயல் படம் இருந்தது. பிறகு திரையில் ஒரு புரதத்தைக் கொண்டுவந்தார். எக்ஸ்ரேயில் உருவம் தெரிந்துவிட்ட புரதம். அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் நூலாகத் தெரிந்தது. அதன் எழுத்துகளை ஒரு தாளில் அச்செடுத்து நீட்டினார்.

"இதைத் திருப்பித் திருப்பி நல்லாப் பாருங்க. சுருள்ல இருக்கிற எழுத்துக்குச் சிவப்பு. பட்டைக்கு நீலம். மிச்சத்தைச் சும்மா விட்டுடுங்க."

"அதுக்குத்தான் ஒரு ப்ரோக்ராம் இருக்கே மேடம். உருவத்தைக் கொடுத்தா அதுவே கோடு போட்டுக் கொடுத்திடும். அதைத்தானே விடைன்னு வெச்சிருக்கோம்."

"இருக்கட்டும். நீங்க பண்ணுங்க. பெனிட்டா, நீயும் ஒரு தாள் எடுத்துக்கோ."

மூன்று எங்கே போயிற்று என்று கேட்டால் முயல் டப்பாவைக் கொடுக்கிறார்களே என்று கோமதிநாயகம் முணுமுணுத்துக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்தார். தவளையின் இதயத்தை வரைந்து வரைந்து பழகிய கை அது. பென்சிலைச் சீவி, ஓர் எழுத்துக்கூட விடாமல், கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாக வர்ணம் போட்டுக் கொடுத்தார். ஆமினா வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

"சரியா மேடம்?"

"புதன்கிழமை பேசுவோம்."

புதன்கிழமை பேசவில்லை. அதே புரதம், அதே எழுத்துகள், புதுத் தாள். திரையில் மட்டும் புரதம் தலைகீழாக நின்றது.

"மறுபடியுமா?"

"மறுபடியும். பழசை மனசுல வெச்சுக்காதீங்க. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைப் போடுங்க."

"மேடம், மாசக் கடைசி வருது."

"வரட்டும் சார். சிவப்புப் பென்சில் மொண்ணையா இருக்கு, சீவிக்குங்க."

முடித்ததும் ஆமினா மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோமதிநாயகத்தின் திங்கட்கிழமைத் தாள். பெனிட்டாவின் தாள். கோமதிநாயகத்தின் புதன்கிழமைத் தாள்.

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். அவருக்கும் பெனிட்டாவுக்கும் நூற்றுக்கு எண்பத்தேழு எழுத்து ஒத்துப்போயிற்று. மற்றதெல்லாம் வேறு வேறு.

"இந்தப் பொண்ணு அவசரப்பட்டிருக்கா மேடம்."

"நானா? நீங்கதான் அண்ணாச்சி கண்ணாடியை மாத்தணும்."

"சண்டை அப்புறம். உங்க ரெண்டு தாளையும் பாருங்க சார்," என்றார் ஆமினா.

இந்த முறை எண்ணுவதற்கு அதிக நேரம் பிடித்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினார். அவருக்கும் அவருக்குமே தொண்ணூற்றொன்றுதான்.

"என்ன மேடம் இது!"

"எங்க மாறியிருக்கு?"

கோமதிநாயகம் இரண்டு தாளையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது.

"நடுவுல தகராறே இல்ல. எல்லாம் ஓரத்துலதான். இந்தாங்க, இந்தச் சுருள் எங்க முடியுது? இந்த எழுத்து பாதி சுருண்டிருக்கு, பாதி விலகிப் போகுது. திங்கக்கிழமை சேர்த்திருக்கேன். இன்னிக்கு விட்டுட்டேன்."

"எது சரி?"

அவர் திரையைத் திருப்பினார். மேலிருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

"ரெண்டையும் தப்புன்னு சொல்ல முடியலையே மேடம். அந்த எழுத்தே ஒரு பக்கமா நிக்கலை. நான் என்ன பண்ணட்டும்?"

"கோடு போடற ப்ரோக்ராம் ரெண்டு மூணு இருக்கே, அதெல்லாம் ஒத்துப்போகுமா?"

"ஓரத்துல அதுகளும் அடிச்சுக்கும்."

"சரி. உருவத்தைக் கண்ணால பார்த்து வர்ணம் போட்டீங்க. உங்களுக்கும் உங்களுக்குமே தொண்ணூத்தொண்ணு."

"ஆமா மேடம்."

"உங்க ப்ரோக்ராம் உருவத்தைப் பார்க்கல. வெறும் எழுத்தைப் பார்த்துச் சொல்லுது. அதுக்கும் விடைக்கும் எவ்வளவு?"

"தொண்ணூத்..."

சொல்லி முடிக்காமல் தாள்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓரத்துல நீங்க தடுமாறுறீங்க, பெனிட்டா தடுமாறுறா. அது மட்டும் தடுமாறவே இல்ல. யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிச்சு சார்?"

கோமதிநாயகம் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு பையைக்கூட எடுக்காமல் தன் கணினிக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. பெனிட்டா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்து கிடந்தது.

சாயங்காலம் பார்த்தால் மனுஷன் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"என்ன அண்ணாச்சி?"

"குதிரை இங்க இருக்கு. கழுதை அங்க இருக்கு."

பெனிட்டா பக்கென்று சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

நடந்தது இதுதான். புரதங்களை அள்ளிப் போட்டபோது, ஒரே புரதம் இரண்டு தடவை வந்தால் ஒன்றைத் தூக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தூக்கியும் இருந்தார். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் தூக்கினார். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சரி, புதுப் புரதம் என்று விட்டுவிட்டார். பிறகு எல்லாவற்றையும் குலுக்கி, ஒரு பங்கைப் பழக்குவதற்கும் ஒரு பங்கைச் சோதிப்பதற்கும் பிரித்தார். குதிரையின் ரத்தப் புரதம் பழக்குகிற பக்கம் போயிற்று. கழுதையின் ரத்தப் புரதம் சோதிக்கிற பக்கம் போயிற்று. செம்மறியாடு இங்கே என்றால் வெள்ளாடு அங்கே. கோழி அங்கே என்றால் வான்கோழி இங்கே. சோதிக்க வைத்ததில் முக்கால்வாசிக்கு மேல் பழக்குகிற பக்கம் பங்காளி இருந்தான். பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாளில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிப் பையன் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் அவன் மார்க்கைப் பார்த்து மார்தட்டிக்கொண்ட கதை.

இதை வேறு யாராவது செய்திருந்தாலும் போகட்டும். குதிரையும் கழுதையும் ஒரே பேரினம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற மனுஷன் இவர்! எழுத்தாகப் பார்த்தபோது கழுதையை அடையாளம் தெரியவில்லை. அந்த வெட்கத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்?

பங்காளிகளையெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். ஒரு குடும்பம் முழுக்க ஒரே பக்கம். குதிரை இருக்கிற பக்கம்தான் கழுதை, வரிக்குதிரை எல்லாம். மறுபடி முதலிலிருந்து பழக்கினார். வெள்ளிக்கிழமை முடிந்தது.

எழுபத்தாறு.

அவர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எழுபத்துநாலுக்கு மேல் வெறும் இரண்டு. எழுந்து ஆமினாவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"ஆய்வேடு தொண்ணூத்தேழோட டைப் ஆகி, பைண்டிங்குக்குப் போகத் தயாரா இருக்கு. பார்க்கிறவங்க இதைக் கண்டுபிடிப்பாங்களா?"

"கண்டுபிடிக்காமயும் போகலாம்."

"நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன் சார்."



"எழுபத்தாறுக்கு?"

"இப்பவே போடறேன்."

"எழுபத்தாறுக்குப் பட்டம் கொடுப்பாங்களா? எண்பதுக்கு மேல காட்டினவங்களே எத்தனையோ பேர் இருக்காங்க."

"எனக்குத் தெரியாது சார்."

கோமதிநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன மேடம்! தெரியாதுன்னு சுலபமாச் சொல்லிடுறீங்க. ஜூன்ல நான் எந்த வகுப்புக்குப் போவேன்? வீட்டுல போய் என்னன்னு சொல்லுவேன்? இந்த வயசுல யார் எனக்கு வேலை போட்டு வெச்சிருக்கா?"

அவர் குரல் உயர்ந்து ஆமினா கேட்டதே இல்லை. வெளியே பெனிட்டாவின் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. சொல்லி முடித்ததும் அவருக்கே அது அதிகமாகப் பட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தார்.

ஆமினா கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினார். தூத்துக்குடிச் சிப்பியின் எழுத்துகள் வரிசையாக நின்றன.

"இவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பழைய ப்ரோக்ராம், புதுசு, ரெண்டையும் இதுல ஓட்டுங்க."

ஓட்டினார். மனசில்லாமல்தான் ஓட்டினார்.

பழையது படபடவென்று சொல்லிக்கொண்டே போயிற்று. இது சுருள், இது பட்டை, இது சும்மா. எதிலும் தயக்கம் கிடையாது. வாலுக்குக் கிட்டே ஓர் இடத்தைக் காட்டி, சுருள் இங்கே முடிகிறது, இதற்கப்புறம் வெறும் வளைவு என்று சத்தியம் செய்தது. திங்கட்கிழமை அவர் வெட்டச் சொல்ல நினைத்த இடம் அதுதான்.

புதியது அதே இடத்துக்கு வந்து திணறியது. சுருளாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்றது. கொஞ்சம் தள்ளிப் போன பிறகுதான், இங்கே கண்டிப்பாகச் சுருள் இல்லை என்று சொன்னது.

கோமதிநாயகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருங்க மேடம். பழசு எதை வெச்சு இவ்வளவு அடிச்சுச் சொல்லுது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்துடலாம்."

ஜூன் மாதமும் வகுப்பும் எங்கே போயிற்றோ. மனுஷன் அந்தச் சின்ன எழுத்துத் துண்டைத் தூக்கி, பழக்கின புரதங்களுக்குள் எல்லாம் விட்டுத் தேடினார். விசைப்பலகையில் விரல் பறந்தது. பெனிட்டாவும் சத்தம் போடாமல் வந்து பின்னால் நின்றுகொண்டாள்.

"நண்டு!" என்று கத்தினார்.

"என்ன நண்டு அண்ணாச்சி?"

"இதே மாதிரி எழுத்து நண்டோட ரத்தப் புரதத்துல வருது. நண்டு, இறால், சிங்கி இறால், மொத்தக் குடும்பமும் பழக்குற பக்கம் இருந்திருக்கு. அதுங்களுக்கு அங்க சுருள் முடியுது. அதை இது மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு. புதுசுல அந்தக் குடும்பம் முழுக்கச் சோதிக்கிற பக்கம் போயிடுச்சு."

"நண்டுக்கு முடிஞ்ச இடத்துல சிப்பிக்கும் முடியாதா?" என்று கேட்டார் ஆமினா.

"முடியலாம் மேடம், யார் கண்டா? ஆனா அது சிப்பியைப் பார்த்துச் சொல்லலை. நண்டைப் பார்த்துச் சொல்லுது. இந்தத் துண்டைத் தவிர சிப்பிக்கும் நண்டுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. திங்கட்கிழமையே அந்தப் பதில் போயிருந்தால் குப்பியில் இருந்த அத்தனையையும் அந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள்.

"இப்ப என்ன எழுதப் போறீங்க சார்?"

கோமதிநாயகம் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார். புதிய ப்ரோக்ராம் சொன்னதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு தடவை பார்த்தார். நிச்சயமாகத் தெரிந்த இடங்களை ஒரு மாதிரியும், சந்தேகமான இடங்களை வேறு மாதிரியும் குறித்தார். பிறகு மின்னஞ்சலைத் திறந்தார்.

வால் பக்கத்தில் எந்த இடத்தில் தனக்கு நிச்சயமில்லை என்று முதலில் எழுதினார். அங்கே வெட்ட வேண்டாம் என்றும், இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டிப் பார்க்கலாம் என்றும் எழுதினார். முடிந்தால் மொத்தத்தையும் வெட்டாமல், குப்பியிலிருந்து ஒரு துளியை மட்டும் எடுத்து முதலில் சோதித்துக்கொள்ளச் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசியாக ஒரு வரி எழுத ஆரம்பித்து, பாதியில் கையை எடுத்துவிட்டார். அதை எழுதிவிட்டால் ஆய்வேட்டில் வேறு எண் வைக்க வழியே இல்லை. தூத்துக்குடியில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு நாற்பது பேருக்குத் தெரியும். பெனிட்டா அவர் தோளுக்கு மேலே திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமதிநாயகம் பெருமூச்சு விட்டார். பிறகு எழுதி முடித்தார்.

'இது நூறு எழுத்துக்கு எழுபத்தாறு எழுத்தைச் சரியாகச் சொல்லுகிற ப்ரோக்ராம்.'

அனுப்பிவிட்டார்.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அவருடைய பட்டத்தைப் பற்றிக்கூட இல்லை, யாரோ ஒருவர் தூத்துக்குடியில் ஒரு சின்னக் குப்பியைத் திறக்கப் போகிறாரே என்ற பயம். திரையைப் பார்த்தார், சிப்பியின் எழுத்துகளைப் பார்த்தார், கடைசியில் ஆமினாவைப் பார்த்தார்.

"மேடம், சரியா வருமா?"

ஆமினா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"தொண்ணூத்தேழு கையில இருந்தப்போ இந்தக் கேள்வியை நீங்க ஒரு தடவைகூடக் கேட்கலையே சார்."